வாக்கர் என்ற குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் டெய்லர், பேக்கர், குக் போன்றவற்றைப் பற்றி யாரும் பெரிதாகச் சந்தேகம் கேட்பதில்லை, பார்த்தவுடனே தொழில் தெரிந்துவிடுகிறது. வாக்கர் மட்டும் அப்படியில்லை. நேரிலும் மின்னஞ்சலிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்துப் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் பல முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

வாக்கர்னா நடக்கிறவர்னுதானே அர்த்தம்? ஊர் ஊரா நடந்தவரா?

இல்லை. வாக்கர் என்பது ஒரு தொழிலின் பெயர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துப் பதப்படுத்துகிறவருக்கு இடைக்கால இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர் என்று பெயர். தபால்காரர், யாத்திரிகர், நாடோடி என்றெல்லாம் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களை விட்டுவிடலாம்.

13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்தப் பெயர் ‘லே வாக்கர்’ என்று வருகிறது. நடுவில் நிற்கும் அந்தப் பிரெஞ்சு ‘லே’ முக்கியம், ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி அது. ரிச்சர்ட் என்று ஊரில் நான்கு பேர் இருந்தால், துணி மிதிக்கிற ரிச்சர்ட் என்று எழுத்தர் அடையாளம் குறித்து வைத்தார். அந்த அடையாளம்தான் பின்னால் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

துணியை எதுக்கு மிதிக்கணும்? தறியிலேயே வேலை முடிஞ்சிடாதா?

நம் ஊர்ப் பருத்திச் சேலையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியாது. கம்பளி நூலில் ஆட்டின் கொழுப்பு ஒட்டியிருக்கும், அதோடு நெசவாளர் எளிதாக வேலை செய்வதற்காகத் தடவிய எண்ணெயும் வெண்ணெயும் இருக்கும். தறியிலிருந்து வரும்போது துணி பிசுபிசுப்பாக, இழைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தளர்ந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு இங்கிலாந்தின் குளிரில் வெளியே போக முடியாது.

கம்பளி முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்து கிடைத்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு விலகாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் அலசி, குழந்தைக்குப் போடுகிற அளவுக்குச் சுருக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாக்கர் வேண்டுமென்றே செய்தது அதைத்தான். துணி மூன்றில் ஒரு பங்கு வரை சுருங்கும், தடிமனாகும், காற்றையும் தூறலையும் தடுக்கும். பிறகு ஈரத் துணியை நீளமான மரச் சட்டங்களில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பார்கள், சுருங்கின துணி சமமான அகலத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக. மனசு தவித்துக்கொண்டிருப்பதை ஆங்கிலத்தில் ‘டென்டர்ஹுக்ஸ்’ மேல் இருப்பதாகச் சொல்வார்களே, அது இந்தக் கொக்கிதான்.

மூத்திரத்துல நின்னு மிதிச்சாங்கன்னு படிச்சேன். நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். வீடு வீடாகச் சிறுநீரைச் சேகரித்துப் பல நாள் புளிக்கவிடுவார்கள். அதில் அம்மோனியா உருவாகும், அது கம்பளிக் கொழுப்போடு சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகவே மாறி அழுக்கை எடுக்கும். ரோமானியர்களும் இதையே செய்தார்கள், ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் சிறுநீர் சேகரிப்புக்கு வரியே போட்டார். வெறுங்காலோடு முழங்கால் வரை அந்தத் தொட்டியில் நின்று ஒருவர் நாள் முழுவதும் மிதித்ததை நினைத்துப் பாருங்கள். தோல் என்ன ஆகியிருக்கும், வீட்டுக்குள் நுழையும்போது எப்படி மணத்திருக்கும்! இங்கிலாந்தின் செல்வத்துக்கு அடையாளமாக நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இன்றும் கம்பளி அடைத்த ஒரு பெரிய இருக்கை இருக்கிறது. அந்தச் செல்வத்தில் இந்தக் கால்களுக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை, அதனால்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சிறுநீருக்கு அடுத்தபடியாக ஒரு களிமண்ணும் பயன்பட்டது. சர்ரே, பெட்ஃபர்ட்ஷையர் பகுதிகளில் அதை வெட்டி எடுத்தார்கள், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு. நம் கடைகளில் முகத்துக்குப் பூச முல்தானி மட்டி என்று விற்கிறார்களே, அது இதே வகை மண்தான்.

தொழில் பேரு எப்போ குடும்பப் பேரா மாறிச்சு?

ஒரே நாளில் மாறவில்லை. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நிலப்பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் பரம்பரைப் பெயராக வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாதாரண மக்களுக்கு அது இறங்கி வர இருநூறு, முந்நூறு ஆண்டுகள் ஆயிற்று. தெற்கில் முதலில், வடக்கில் தாமதமாக. வாக்கர் வடக்கத்திப் பெயர் என்பதால் பல குடும்பங்களில் இது 14ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

இதைப் பார்க்க நல்ல இடம் 1377, 1379, 1381 ஆண்டுகளில் ஆள் கணக்கில் வசூலித்த தலைவரியின் பட்டியல்கள். யார்க்‌ஷையரின் 1379 பட்டியலில் சிலருக்குப் பெயரோடு தொழிலும் எழுதியிருக்கிறார்கள். பெயரும் தொழிலும் ஒத்துப்போகிற ஆட்களும் வருகிறார்கள், ஒத்துப்போகாதவர்களும் வருகிறார்கள். தொழில் பெயர் கொண்ட ஒருவர் வேறு வேலை செய்கிறார் என்றால் அந்தப் பெயர் அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கிறது, அதாவது பரம்பரைப் பெயராக மாற ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர் சாதிப் பேர் மாதிரி எடுத்துக்கலாமா?

இதைத்தான் தமிழில் அதிகம் கேட்கிறார்கள், கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது. வாக்கர் என்ற பெயர் வைத்தவர்களை அந்தப் பெயருக்காக யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, வாக்கர் வாக்கரைத்தான் கட்டவேண்டும் என்ற விதியும் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் தனித்தனியாக அந்த வேலை செய்தார்கள், இரண்டு பேருக்கும் அதே பெயர் வந்தது, அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. மகன் அப்பாவின் தொழிலையே கற்றுக்கொள்வது அன்று வழக்கமாக இருந்தாலும், ரொட்டி சுடப் போன மகனும் வாக்கராகவே இருந்தான், அவனுடைய பேரன் பாதிரியாரானபோதும் பெயர் மாறவில்லை.

நம் இனிஷியலோடு ஒப்பிட்டும் கேட்கிறார்கள். இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான், வில்லியமின் மகன் ஜான் என்பதற்கு ஜான் வில்லியம்சன் என்று எழுதி, அடுத்த தலைமுறையில் ஜான்சன் ஆக்கினார்கள். பிறகு அது உறைந்துபோய், ஜான் என்று யாருமே இல்லாத வீட்டிலும் ஜான்சன் என்று நின்றுவிட்டது.

தெற்கு இங்கிலாந்துல துணியே மிதிக்கலையா? ஏன் அங்கே வாக்கர் கம்மி?

மிதித்தார்கள், பெயர்தான் வேறு. தென்கிழக்கில், சசெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் அதே ஆளை ஃபுல்லர் என்றார்கள். டெவன், சாமர்செட், கார்ன்வால் என்ற தென்மேற்கில் அவர் டக்கர். யார்க்‌ஷையர், லங்காஷையர் பக்கம் வாக்கர். ஆக, ஃபுல்லர், டக்கர், வாக்கர் மூவரும் ஒரே தொட்டியில் நின்றவர்களின் பிள்ளைகள்தான். எனக்கு இந்தப் பெயர்க் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஒருவருடைய குடும்பப் பெயரைப் பார்த்து, அவருடைய முன்னோர் அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் எந்த மூலையில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஊர்ப் பெயர்களிலும் இது கிடக்கிறது. லங்காஷையரில் பர்ன்லிக்குப் பக்கத்தில் வாக் மில் என்று ஒரு சிற்றூர், கார்ன்வாலில் கேம்போர்னுக்குப் பக்கத்தில் டக்கிங்மில். வேல்ஸில் துணியைப் பதப்படுத்தும் ஆலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர், டோனிபாண்டி என்ற சுரங்க நகரத்தின் பெயருக்குள் இருப்பது அதுதான். எக்ஸிட்டர் நகரத்தில் நெசவாளர்களும் டக்கர்களும் சேர்ந்து நடத்திய சங்கத்தின் கட்டடம் டக்கர்ஸ் ஹால், 1471இல் எழுந்தது, இன்னும் நிற்கிறது.

மில் வந்த பிறகு மிதிக்கிற வேலை போயிடுச்சே, அப்புறமும் எப்படி அந்தப் பேர் வந்தது?

மில் நாம் நினைப்பதைவிட ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. 1185இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோதே யார்க்‌ஷையரில் நியூஷம் என்ற இடத்தில் நீரால் ஓடும் துணி மில் ஒன்று பதிவாகியிருக்கிறது. குடும்பப் பெயர்கள் உறைவதற்கு முன்பே நடந்த விஷயம் இது. அதனால் வாக்கர் என்று பெயர் பெற்றவர்களில் பலர் காலால் மிதிக்காமல், ஆற்றங்கரையில் மில் நடத்தியவர்களாகவே இருந்திருக்கலாம். வேலை இயந்திரத்துக்குப் போனாலும் அதைக் கவனிக்கிற ஆளுக்குப் பழைய பெயர்தான்.

அந்த மில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு லங்காஷையரின் ஹெல்ம்ஷோரில் 1789இல் கட்டிய ஒரு மில் அருங்காட்சியகமாக இருக்கிறது. நீர்ச்சக்கரம் சுற்றும்போது அதன் தண்டில் உள்ள முட்டுகள் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கி விடும், சுத்தியலின் தலை மாட்டுக் குளம்பு போலப் படிப்படியாகச் செதுக்கியிருக்கும். அது துணியை அடித்து நசுக்குவதோடு நிற்காமல், ஒவ்வொரு அடியிலும் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அடி விழுந்து துணி ஓட்டையாகிவிடும். கால் செய்ததும் இதே புரட்டலைத்தான்.

சரி, அப்போ ‘நடக்கிறது’ங்கிற சொல்லிலிருந்துதான் இந்தத் தொழில் பேர் வந்துச்சா?

முதல் பதிலில் இதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். துணி மேல் நடந்ததால் வாக்கர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரிசை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு உருட்டு, புரட்டு, அலைக்கழி என்ற பொருள்தான் இருந்தது, துணி மிதிப்பவரைக் குறிக்கும் பெயரும் அப்போதே வழக்கில் இருந்தது. காலால் நடந்து போவது என்ற பொருள் பிறகுதான் வருகிறது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதே வேர்ச்சொல்லுக்குத் துணியைப் பதப்படுத்துவது, அழுத்திப் பிசைவது என்றுதான் பொருள், அங்கேயும் வால்கர் என்று குடும்பப் பெயர் இருக்கிறது. ஆகவே வாக்கர் என்ற தொழில் பெயர், நடக்கிறவர் என்ற பொருளைவிட வயதில் மூத்தது.

காட்டுக் காவலர்தான் வாக்கர்னு ஒரு தளத்துல போட்டிருக்கே?

அரசருடைய காடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சுற்றி வந்து பார்க்கிற காவலரை வாக்கர் என்று அழைத்தது உண்மை. ஆனால் அந்த வழக்கு ஆவணங்களில் தெரியும்போது குடும்பப் பெயர்கள் ஏற்கெனவே உறைந்துவிட்டன. பெரும்பான்மைக்கு இது பொருந்தாது.

நியூகாசில் நகரத்தின் ஒரு பகுதிக்கே வாக்கர் என்று பெயர் உண்டு. அது ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய சுவருக்குப் பக்கத்துச் சதுப்பு நிலம் என்ற பொருளில் வந்த ஊர்ப் பெயர், துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஊரிலிருந்து வெளியே போன சிலருக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கலாம். நார்தம்பர்லண்டில் வேர் உள்ளவர்கள் மட்டும் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜானி வாக்கர் ஸ்காட்லாந்துக்காரர் ஆச்சே, அப்போ இது ஆங்கிலப் பேரா ஸ்காட்டிஷ் பேரா?

இரண்டும். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் பேச்சு வடக்கு இங்கிலாந்துப் பேச்சுக்கு நெருக்கம், அங்கேயும் அந்தத் தொழிலுக்கு அதே பெயர். மலைப்பகுதியில் கேலிக் மொழி பேசியவர்களிடம், துணி மிதிப்பவரின் மகன் என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பல, ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தபோது வாக்கர் என்று போட்டுக்கொண்டன. மேற்குத் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தாளத்தோடு அடித்துக்கொண்டே கேலிக் பாடல்கள் பாடினார்கள். நாற்று நடவுப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாடல்கள் அந்நியமாகவே தோன்றாது, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அதே முறை.

நீங்கள் சொல்கிற விஸ்கிக்குப் பெயர் கொடுத்த ஜான் வாக்கர் 1820இல் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை திறந்தவர். வாக்கர்ஸ் சிப்ஸ் லெஸ்டர் நகரத்தில் கறிக்கடை வைத்திருந்த ஹென்ரி வாக்கருடையது. வாக்கர்ஸ் ஷார்ட்பிரெட் பிஸ்கட் 1898இல் ஜோசப் வாக்கர் ஸ்காட்லாந்தில் தொடங்கியது. மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள்.

அப்போ எல்லா வாக்கரும் ஒரே வம்சம் இல்லையா? டிஎன்ஏ பார்த்தா தெரியாதா?

ஒரே வம்சம் இல்லை, சாதிப் பெயர் கேள்வியில் சொன்ன காரணம்தான். கம்பளி நெய்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாக்கர் தேவைப்பட்டார்.

டிஎன்ஏ விஷயத்தில் லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆங்கிலக் குடும்பப் பெயர்களை வைத்து நல்ல ஆய்வு செய்திருக்கிறது. தந்தைவழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிதான பெயர் கொண்ட ஆண்களில் பெரும்பாலோர் ஒரே முன்னோரிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை, தெருவில் போகிற எந்த இரண்டு ஆண்களை எடுத்தாலும் இருக்கிற ஒற்றுமைதான். வாக்கர் இந்த இரண்டாவது வகை. இரண்டு வாக்கர்களுக்கு டிஎன்ஏ ஒத்துப்போனால் அது அவர்கள் குடும்பத்தைப் பற்றிய செய்தி, பெயரைப் பற்றியது அல்ல.

வாக்கர் குடும்பச் சின்னம்னு ஃபிரேம் போட்டு விக்கிறாங்க, வாங்கலாமா?

சுவருக்கு அழகாக இருக்கும் என்றால் வாங்குங்கள், வரலாறு என்று நம்பி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு நபருக்கும் அவருடைய சந்ததிக்கும் கொடுக்கப்படுவது, ஒரு பெயருக்கு அல்ல. 1484இலிருந்து இருக்கிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்தான் அதைக் கொடுக்கிறது. எங்கேயோ ஒரு வாக்கருக்குக் கொடுத்த சின்னத்தை எல்லா வாக்கருக்கும் விற்கிறார்கள்.

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் நிறைய பேருக்கு வாக்கர்னு இருக்கே, எப்படி?

அடிமைமுறைதான் காரணம், மழுப்பிச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. 1865இல் விடுதலை கிடைத்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் முதல்முறையாக அரசு ஆவணங்களில் முழுப் பெயரோடு பதிவானார்கள், 1870 கணக்கெடுப்பில் அது தெரிகிறது. கடைசி முதலாளியின் பெயரைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது தவறு. சிலர் பழைய முதலாளியின் பெயரை, பிரிந்துபோன அப்பாவைத் தேடுவதற்கு உதவும் என்று வைத்துக்கொண்டார்கள், சிலர் பிடித்த பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள், சிலரிடம் அடிமையாக இருந்தபோதே தங்களுக்குள் ஒரு குடும்பப் பெயர் இருந்தது.

இந்தப் பெயரோடு மிகப் பெரிய காரியங்கள் செய்தவர்கள் அவர்களில் உண்டு. மாசசூசெட்ஸில் குவாக் வாக்கர் என்ற அடிமை 1781இல் நீதிமன்றத்துக்குப் போனார், அந்த வழக்குகள் 1783இல் முடிந்தபோது அந்த மாநிலத்தில் அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. பிறகு மேடம் சி.ஜே. வாக்கர், கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வந்தரானவர். 1867இல் பிறந்தபோது அவர் பெயர் சாரா பிரீட்லவ், வாக்கர் என்பது கணவர் வழியில் வந்தது.

இந்தியாவுக்கும் இந்தப் பேருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

நிறைய. தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் கில்பர்ட் வாக்கர். 1868இல் லங்காஷையரின் ராச்டேலில் பிறந்தவர். ராச்டேல் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர், பெயரும் ஊரும் இவ்வளவு பொருந்தி வருவது அபூர்வம். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்தார். பருவமழை ஏன் சில வருஷம் பொய்க்கிறது என்று தேடியபோது, பசிபிக் கடலின் இரு பக்கமும் காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். எல் நினோ பற்றிய செய்திகளில் வரும் ‘வாக்கர் சுழற்சி’ அவர் பெயர்தான். அவர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணிதக் குறிப்புகளைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இவருக்கு உதவவேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இன்னொரு வாக்கர் தெரிந்திருக்கும். 1885இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் மிஷனரியாக வந்த தாமஸ் வாக்கர், தமிழை ஊன்றிப் படித்தவர், தோனாவூர் மிஷனரி ஆமி கார்மைக்கேலுக்குத் தமிழில் வழிகாட்டியவர். 1912இல் இறந்தார். இவருக்கும் கில்பர்ட் வாக்கருக்கும் உறவா என்று கேட்பவர்கள், டிஎன்ஏ கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படிக்கவும்.

எங்க பாட்டி ஆங்கிலோ இந்தியர், கல்யாணத்துக்கு முன்னாடி வாக்கர். இங்கிலாந்துல எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியுமா?

முயற்சி செய்யலாம், ஆனால் இங்கிலாந்திலிருந்து தொடங்காதீர்கள். இந்தியாவில் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். தேவாலயங்கள் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, சென்னை மாகாணத்துக்குத் தனி வரிசையே உண்டு. கப்பலில் வந்த முதல் ஆள் பெரும்பாலும் சிப்பாயாகவோ ரயில்வேக்காரராகவோ இருப்பார். சிப்பாய் என்றால் படையில் சேர்ந்த பதிவில் பிறந்த ஊர் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊர் கிடைத்த பிறகுதான் இங்கிலாந்து ஆவணங்கள் உதவும். அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், 1538இலிருந்து. ஊர் தெரியாமல் வாக்கர் என்று மட்டும் தேடினால் ஆயிரக்கணக்கில் ஜான் வாக்கரும் மேரி வாக்கரும் வந்து குவிவார்கள், அதில் ஒருவரை ஆசையாக நம் ஆள் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. இன்னொன்று, ‘எல்’ எழுத்து உச்சரிப்பில் வராது என்பதால் பழைய பதிவேடுகளில் அது விடுபட்டும் இருக்கும், ‘யு’ சேர்ந்தும் இருக்கும். எழுதத் தெரியாதவர்களின் பெயரைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், அதனால் எழுத்து வேறுபடுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைத் தள்ளிவிடாதீர்கள்.